ஒரு கோடை விடுமுறை, பல பயிற்சிகள்: இரண்டு மொழியில் கற்பிக்கும் ஆசிரியர் எதை எடுப்பது?

போன வருஷம் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். "நான்கில் மூன்று பங்குக்கு வண்ணம் அடித்தால் அதை எப்படி எழுதுவாய்?" என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை. கொஞ்சமும் யோசிக்காமல் பலகையில் மேலே 4, கீழே 3 என்று எழுதினாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன வரிசையில்தான் அவள் எழுதியிருக்கிறாள். தமிழில் "நான்கில் மூன்று" என்கிறபோது பகுதி, அதாவது கீழே எழுதுகிற எண், முன்னால் வந்துவிடுகிறது. கையில் இருக்கிற ஆங்கிலப் புத்தகத்தில் "த்ரீ பை ஃபோர்". அங்கே தொகுதி, அதாவது மேலே எழுதுகிற எண், முன்னால். புத்தகம் ஒரு மொழி, என் வாய் ஒரு மொழி, நடுவில் மாட்டிக்கொண்டது பிள்ளை.

கழித்தலில் இது தலைகீழாக நடக்கும். "சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்" என்று படித்துவிட்டு 5 − 12 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். "12இலிருந்து 5ஐக் கழி" என்று தமிழில் சொன்னால் அதே பிள்ளை தவறே செய்யாது, ஏனென்றால் சொல்லின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றுதான். இயற்கணிதத்திலும் அப்படித்தான். "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்பதை அப்படியே இடமிருந்து வலமாக x − 5 என்று எழுதிவிடலாம். ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் ஐந்து முதலில் வந்து நிற்கும். ஆக, ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்கிறது, இன்னோரிடத்தில் ஆங்கிலம் கைகொடுக்கிறது. எந்த இடத்தில் எது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருஷ சர்வீஸில் நான் வாங்கிய பயிற்சிச் சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. இதைச் சொல்லித் தந்த பயிற்சி அதில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது என் நாத்தனார். நான் பாகூர்ப் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அவள் கடலூர் ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறாள். "அண்ணி, இந்த மே மாசம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும். கையில் 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கேன். ரெண்டு மீடியத்துக்கும் பாடம் எடுக்கிறதுக்கு உருப்படியா எந்த டிரெயினிங் போகலாம், சொல்லுங்க" என்றாள். நான் போன பயிற்சிகள், உடன் வேலை பார்ப்பவர்கள் போய்விட்டு வந்தவை, விசாரித்துத் தெரிந்துகொண்டவை எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் இரண்டு பேருடைய வகுப்பும் எப்படி வேறுபடுகிறது என்று சொல்லிவிட வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் பாடத்திட்டமே மாறிவிடும். புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24இல் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் சிபிஎஸ்இக்கு மாறின. 2025இல் எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வை முதன்முதலாக அந்த முறையில் எழுதினார்கள். அந்த முறையில் படிக்கிற என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகம் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வருகிறது, தமிழில் வருவதில்லை. எனவே என் வகுப்பில் புத்தகமும் தேர்வும் ஆங்கிலம். பேச்சும் யோசனையும் தமிழ்.

நாத்தனாரின் நிலைமை வேறு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. புத்தகம் இரண்டு வழியிலும் அச்சாகிறது, அது பெரிய வசதி. ஆனால் அவள் பள்ளியில் தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நாற்பது நிமிடத்தில் "விசை" என்றும் "ஃபோர்ஸ்" என்றும் பலகையில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். எனக்கு வேண்டியது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம் போடத் தெரிவது. அவளுக்கு வேண்டியது இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தெரிவது. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "இங்கிலீஷ் சரளமா வரணுமா? இந்தாங்க ஒரு கோர்ஸ்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

துறை நடத்தும் பணியிடைப் பயிற்சி

கடலூர் மாவட்டத்துக்கு வடலூரில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எங்களுக்கு லாஸ்பேட்டை. இவை தவிர வட்டார வள மையம், குறுவள மையக் கூட்டங்கள். காசு கிடையாது, போகிற நாளும் பணி நாளாகக் கணக்காகும் (ஓ.டி.), போகாமல் இருக்கவும் முடியாது. எனவே "தேர்வு செய்வது" என்ற பேச்சு இங்கே இல்லைதான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்ற எந்தப் பயிற்சியும் நம் புத்தகத்தைத் தொடாது, இது தொடும்.

தமிழ்நாட்டில் 2022-23இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு வரை போன எண்ணும் எழுத்தும் பயிற்சியை நாத்தனார் மனசாரப் பாராட்டுவாள். அப்போது அவள் தொடக்க வகுப்பு எடுத்தாள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒரே அறையில் மூன்று நிலைக்கும் வேலை கொடுக்கப் பழகியது அந்தப் பயிற்சியில்தான். இன்றைக்கு இரண்டு மீடியத்தை ஒரே அறையில் சமாளிக்க அந்தப் பழக்கம்தான் அவளுக்கு உதவுகிறது. குறை என்னவென்றால், தமிழ் ஓர் அமர்வில், ஆங்கிலம் ஓர் அமர்வில், கணக்கு ஓர் அமர்வில் என்று தனித்தனியாக நடந்தது. பிள்ளையின் தலைக்குள் இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை யாரும் பேசவில்லை.

நான் போன ஒரு பயிற்சியில் (எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை) இரண்டு நாளும் கருத்தாளர் திரையில் இருந்ததை வாசித்தார். இரண்டாம் நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. திரை அணைந்ததும், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மூத்த ஆசிரியர் எழுந்து, "ஃப்ரம் என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகளை முதலில் அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள், அப்புறம் எழுதச் சொல்லுங்கள்" என்றார். ஐந்து நிமிடம்தான் பேசினார். இன்றுவரை என் வகுப்பில் நிற்பது அந்த ஐந்து நிமிடம். நம் பிள்ளைகளுக்கு எங்கே இடறும் என்று அறிந்தவர்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். துறைப் பயிற்சியின் பெரிய சொத்து அவர்கள். அவர்கள் வாய் திறக்க நேரம் ஒதுக்கினால் இந்தப் பயிற்சியே பாதிக் கட்டுரையை முடித்து வைத்துவிடும்.

இணையவழிப் படிப்பு

அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்ஷாவில், ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி வரிசை இருக்கிறது. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் 2021இல் வந்த வரிசையில் 12 தொகுதிகள் (மாட்யூல்கள்). அதில் தொடக்க வகுப்புகளில் பன்மொழிக் கல்வி என்று ஒரு தொகுதி தனியாகவே உண்டு. நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் "பிள்ளையின் வீட்டு மொழியை வகுப்புக்குள் கூட்டிவா" என்று நேரடியாகச் சொல்லித் தருகிற இலவசப் பாடம் இதுதான். மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தொகுதி திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துச் சேர வேண்டும்.

இதில் எனக்குக் கிடைத்தது, நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு ஒரு நியாயம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றவுணர்ச்சி வரும், மேற்பார்வைக்கு யாராவது வந்தால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவேன். வீட்டு மொழி ஓர் ஊன்றுகோல், அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை என்று துறையே சொல்கிறது என்றால் தைரியம் வருகிறது. சிபிஎஸ்இயும் 2023 ஜூலையில் இந்திய மொழிகளைப் பயிற்று மொழியாகப் பயன்படுத்தலாம் என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் நான் பார்த்தவரை அங்கே வருகிற உதாரணங்கள் பெரும்பாலும் பழங்குடிப் பகுதிகளையும் வடக்கையும் வைத்து எழுதப்பட்டவை. பிள்ளை வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இந்தி என்கிற நிலைமை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வாக்கிய வரிசையே புரண்டுவிடுகிற நம் பிரச்சினை அதில் இல்லை. அப்புறம், நீங்கள் வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. கடைசிக் கேள்விகளுக்கு விடை தட்டினால் சான்றிதழ் வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தனியார் இணைய நிறுவனம் ஒன்றில் "120 மணி நேரச் சர்வதேசச் சான்றிதழ்" என்று பார்த்து நானே 6,500 ரூபாய் கட்டினேன். வந்தது சில பி.டி.எஃப். கோப்புகளும் ஒரு சான்றிதழும். அந்தப் பாடத்தில் கற்பனை செய்திருந்த வகுப்பில் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் ஆளுக்கொரு மேசை. என் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். அந்தச் சான்றிதழை எங்கள் துறையும் ஏற்கவில்லை. பணம் கட்டும் முன் நம் துறை இதைக் கணக்கில் எடுக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெங்களூரும் ஹைதராபாத்தும்

பெங்களூர் ஞானபாரதி வளாகத்தில் இருக்கிற தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் 1963இலிருந்து நடக்கிறது. தென் மாநிலங்களோடு புதுச்சேரியும் அதன் கீழ் வருகிறது. அங்கே ஆசிரியர்களுக்கான 30 நாள் ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அரசு அனுப்பி வைக்க வேண்டும், பள்ளியிலிருந்து ரிலீவ் ஆகிப் போக வேண்டும். போய் வந்த என் சக ஆசிரியர் ஒருவர் முப்பது நாளும் ஆங்கிலத்திலேயே மூச்சுவிட்டதாகச் சொன்னார். வாய் திறக்கக் கூச்சப்பட்டவர், திரும்பி வந்து காலை வணக்கக் கூட்டத்தில் குறிப்பு இல்லாமல் பேசினார். ஆங்கிலப் பாடம் எடுப்பவருக்கு, அதிலும் பேசப் பயப்படுகிறவருக்கு, வாய்ப்பு வந்தால் யோசிக்காமல் போகலாம் என்பது என் கருத்து. மூன்று வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மாசம் போக முடியாது என்று மறுத்த ஆசிரியைகளையும் எனக்குத் தெரியும். பெண்களுக்கு இது சின்னத் தடை இல்லை.

ஹைதராபாத்தில் இருக்கிற ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் தொலைதூரத்தில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுநிலைச் சான்றிதழும் பட்டயமும் நடத்துகிறது. 1958இல் தொடங்கிய பழைய நிறுவனம், பாடம் கனமானது. ஒலியியல், இலக்கணம், கற்பித்தல் முறை என்று ஆழமாகப் போகிறது. ஆனால் ஒரு மே மாதத்துக்குள் அடங்காது. பட்டதாரி ஆங்கில ஆசிரியராக நீண்ட காலம் இருக்கப் போகிறவருக்கு இது சரி. கணக்கு ஆசிரியருக்கு வேண்டாம்.

இரண்டுமே ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிகள். ஆங்கிலத்தில் கணக்கோ அறிவியலோ கற்பிப்பது வேறு வேலை. "ஆவியாதல்" என்பதைப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது, புரிந்ததை "எவாப்பரேஷன்" என்று எழுதுகிற நிலைக்கு எப்படிக் கொண்டு வருவது என்பது மொழிப் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. தேவனாம்பட்டினம் கரையில் கருவாடு காய்வதை நாத்தனாரின் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அதைத் தமிழில் அரை மணி நேரம் பேசலாம். அப்புறம் மூன்று ஆங்கில வாக்கியமாக அதை இறக்க வேண்டும். அந்த "அப்புறம்" எப்படி என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது.

கேம்பிரிட்ஜ் சான்றிதழ்கள்

தனியார் பள்ளி ஆசிரியர்கள் அதிகமாகக் கேட்பது இதைத்தான். செல்டா என்பது ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பு; குறைந்தது 120 மணி நேரம், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். இந்த ஓர் அம்சத்துக்காக மட்டும் அதை நான் மதிக்கிறேன். நாம் பி.எட். முடித்த பிறகு யாராவது பின் பெஞ்சில் உட்கார்ந்து, குறை கண்டுபிடிக்கிற நோக்கமில்லாமல், நம் பாடத்தை முழுசாகப் பார்த்திருக்கிறார்களா? ஆனால் செல்டா அடிப்படையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதற்காக உருவானது. மாணவர்களின் தாய்மொழி தெரியாத ஆசிரியரும் நடத்தக்கூடிய முறை அது. நம்முடைய பலமே பிள்ளையின் மொழி நமக்குத் தெரியும் என்பதுதானே? அந்தப் பலத்தை அங்கே பயன்படுத்த இடமில்லை. 15,000 ரூபாயில் அது முடியவும் முடியாது.

அதே கேம்பிரிட்ஜில் டி.கே.டி. என்ற ஆசிரியர் அறிவுத் தேர்வில் ஒரு பிரிவு, பாடப்பொருளையும் மொழியையும் சேர்த்துக் கற்பிப்பதற்கென்றே இருக்கிறது. 80 கேள்விகள், 80 நிமிடம். பெயரளவில் இதுதான் எங்களுக்கு வேண்டிய பயிற்சிக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் இது தேர்வு, பயிற்சி இல்லை. தானாகப் படித்துப் போய் எழுதுவது. ஐரோப்பாவில் 1990களில் இந்தச் சேர்ந்த கற்பித்தல் முறை பேர் பெற்றது. அங்கே பிள்ளைக்குப் பாடம் தாய்மொழியிலும் நன்றாகக் கிடைக்கிறது, சில பாடங்களை மட்டும் இன்னொரு மொழியில் படிக்கிறது. நம் ஊர் நிலைமை அது இல்லை. மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ தனியார் பள்ளியில் வேலை மாறும் எண்ணத்தில் இருப்பவருக்கு விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். அதற்காக எழுதுவதில் தப்பில்லை.

நம் ஊரிலேயே இருக்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள்

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே இருமொழிக் கல்வி புதிதில்லை. பிரெஞ்சு லிசே 1826இலிருந்து நடக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943இல் தொடங்கியது. அங்கே கணக்கும் அறிவியலும் பிரெஞ்சிலும், மற்றவை ஆங்கிலத்திலும் நடக்கின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளை பிரெஞ்சில் வடிவியல் படிக்கிறது. வெளியூரில் எங்கோ தேட வேண்டியதில்லை, கடற்கரைச் சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் உதாரணம் இருக்கிறது.

அதைப் பார்த்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்? அங்கே வகுப்பு சிறியது, மூன்று வயதிலிருந்தே அந்த மொழியில் பாட்டும் விளையாட்டும் நடக்கின்றன, ஆசிரியர்களில் பலர் அங்கேயே படித்து வளர்ந்தவர்கள். ஆறாம் வகுப்பில் திடீரென்று புத்தக மொழி மாறிய என் பிள்ளைகளோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் அதுவே ஒரு பாடம்தான். கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளைக் கவனித்த ஜிம் கம்மின்ஸ், புது மொழியில் அன்றாடப் பேச்சு வர சுமார் இரண்டு வருஷம், பாடப் புத்தகத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும் என்றார். பேசுகிற பிள்ளைக்குப் பாடமும் புரிகிறது என்று நாம் ஏமாந்துபோகிற இடம் இது. அல்லியான்ஸ் பிரான்செஸில் பிரெஞ்சு படித்து, பிரெஞ்சு ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது; புதுச்சேரியில் வேலையும் கிடைக்கும். எங்கள் கேள்விக்கு அது விடையில்லை.

இன்னும் ஒன்று விட்டுவிட்டேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம். கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஓர் இடம் இருப்பது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? தமிழும் ஆங்கிலமும் ஒலியில், சொல்லில், வாக்கியத்தில் எங்கே பிரிகின்றன என்று முறையாகப் படித்தால் அந்த "நான்கில் மூன்று" போல நூறு இடங்கள் கண்ணில் படும். முதுகலை என்றால் இரண்டு வருஷம். இளைய ஆசிரியராக இருந்தால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

செலவில்லாத வழி

இதை ஒரு பயிற்சி என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்காருவது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர் பயிற்சிகளைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். சொற்பொழிவும் செய்துகாட்டலும் அறிவைக் கூட்டின. ஆனால் கற்றது வகுப்பறைக்குள் போய் நிலைத்தது, சக ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து பார்த்துச் சொன்னபோதுதான். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரித்து, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு பேசித் திருத்துகிற வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

நாங்கள் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தோம். புதுச்சேரிக்கு உள்ளூர் விடுமுறையாக இருந்து கடலூருக்குப் பள்ளி இருந்த இரண்டு நாட்களில், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு நான் நாத்தனார் வகுப்பில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எந்த மொழியில் கேள்வி கேட்கிறார்கள், எந்தச் சொல்லில் நின்றுவிடுகிறார்கள் என்று மட்டும் எழுதினேன். ஆங்கில வழிப் பிள்ளைகள் ஒரு கேள்விகூட ஆங்கிலத்தில் கேட்கவில்லை. தமிழ் வழிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைத்தான் அவர்களும் சேர்ந்து கேட்டார்கள். இதைக் காட்டியதும் நாத்தனார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வரிசையை மாற்றினாள். பத்தியை ஆங்கிலத்தில் படிப்பது, தமிழில் பேசுவது, பிறகு அவரவர் வழியில் எழுதுவது. வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் கென் வில்லியம்ஸ் விவரித்த முறையும் இதுபோலத்தான்: ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் கொடுப்பது. மொழி மாறும்போது பிள்ளை விஷயத்தை மென்று விழுங்கியே ஆக வேண்டும், வாய்ப்பாடமாக ஒப்பிக்க முடியாது.

என் வகுப்பில் அவள் உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்தது இன்னும் பெரியது. பின்னம் நடத்திவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள்: "அண்ணி, நான்கில் மூன்றுன்னு ஏன் ஆரம்பிக்கறீங்க? முக்கால்னு ஆரம்பிங்களேன்." முக்கால். மூன்று கால். தொகுதி முன்னால் வந்துவிட்டது. "த்ரீ குவார்ட்டர்ஸ்" என்பதன் வரிசை அப்படியே நம் பழைய சொல்லுக்குள் இருக்கிறது. இட்லி மாவுக்கு உளுந்து அளக்கிற வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. முக்காலிலிருந்து "த்ரீ பை ஃபோர்" போய், கடைசியில் "நான்கில் மூன்று" வந்தால் யாரும் தலைகீழாக எழுதுவதில்லை. இந்த வருஷம் அப்படி நடத்தினேன், வித்தியாசத்தை நோட்டுகளில் பார்த்தேன்.

இதன் குறை, யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள் என்பது. அதற்கும் வழி உண்டு. சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர் வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் பள்ளிக்குள்ளோ பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோ நடத்திக்கொள்ளலாம். அந்த 25 மணி நேரத்தை உரை கேட்பதற்குச் செலவழிக்காமல் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதற்கு ஒதுக்கும்படி எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். கூட யாருமே இல்லை என்றால், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை புதுச்சேரியில் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்கிறது. அங்கே வருகிற ஆசிரியர்களில் துணை கிடைக்கும்.

சரி, யாருக்கு எது?

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இந்தக் கோடையை அதற்கே கொடுங்கள். பணியில் இருப்பவர்களும் அதில் தேற வேண்டும் என்ற 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வேலையே அதில் இருக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம். ஆங்கிலம் பேசத் தயங்குகிற அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் பெங்களூருக்குப் பெயர் கொடுக்கலாம். தனியார் பள்ளியில் இருந்து வெளியூர் போக நினைப்பவர் டி.கே.டி. எழுதலாம். தொடக்க வகுப்பு எடுப்பவர்கள் தீக்ஷாவில் அந்தப் பன்மொழித் தொகுதியை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எடுப்பவர்களுக்கு என் பதில் வேறு. மொழியை நல்லபடி வளர்த்துக்கொள்ள வருஷம் முழுக்க நேரம் இருக்கிறது. இரண்டு மொழியை வகுப்பில் எப்படி ஓட்டுவது என்பதை உங்கள் வகுப்பைப் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும். எனவே முதலில் ஒரு துணை ஆசிரியரைத் தேடுங்கள். காசு கட்டிப் படிப்பது அதற்குப் பிறகு.

நாத்தனார் 15,000 ரூபாயில் கைவைக்கவில்லை. மே முதல் வாரம் தீக்ஷா தொகுதி. அதன் பிறகு கத்திரி முடிகிற வரை வாரத்தில் மூன்று நாள் காலையில் பாகூர் வருகிறாள். ஆறு முதல் எட்டு வரை இரண்டு பாடத்திட்டத்தின் கணக்குப் புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, தமிழ் வரிசையும் ஆங்கில வரிசையும் முட்டிக்கொள்கிற வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். ஆறாம் வகுப்பில் மட்டும் இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.